பிஸ்கட் முதலாளியின் வலது காது

அந்த ஊரில் ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாத ஒரே ஆள் காதுக்காரம்மாதான். பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் தோளைத் தட்டி, "பூட்டு ரிப்பேர்காரர்தானே நீங்க? இடது காது அச்சு செஞ்சு ஒன்றரை வருஷம் ஆகுது. எப்ப வந்து காட்டப் போறீங்க?" என்று கேட்பாள். அவர் திரும்பிப் பார்த்தால் இவளுக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிடும். முகத்தை அவள் எங்கே பார்த்தாள்? பார்த்ததெல்லாம் பக்கவாட்டில்தானே. ஆனால் காது விஷயத்தில் அவள் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடையைக் கட்டுவாள் என்பது அவள் வீட்டுக்காரரின் கேலி.

அவள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. காது கேட்காதவர்களுக்குக் கருவி கொடுக்கிறோமே, அது காதுக்குப் பின்னால் உட்காரும். அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து காதுக்குள் நுழையும். நுழைகிற இடத்தில் ஒரு அடைப்பு வேண்டும். அந்த அடைப்பு அந்த ஒருவரின் காதுக்கென்றே வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதைத்தான் அச்சு என்கிறார்கள். நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்து, இரண்டு பசைகளைப் பிசைந்து பீச்சி, ஐந்து நிமிஷம் காத்திருந்து வெளியே எடுத்தால் காதின் உள்வடிவம் அப்படியே கையில் வரும். அதை வைத்துச் சுண்ணாம்பில் ஒரு காது செய்து, அதிலிருந்து அச்சை வார்த்து, தேய்த்து, துளை போட்டு, மெருகேற்றித் தர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு செய்தால் பெரிய விஷயம்.

இந்த வேலைக்கு வருமுன் பல் செட் செய்யும் கூடத்தில் பதினோரு வருஷம் இருந்தாள். காது டாக்டர் தன் கடைவாய்ப் பல்லைச் சரிசெய்ய அங்கே போனவர், அவள் பல்லைத் தேய்க்கிற அழகைப் பார்த்துவிட்டு அப்படியே கையோடு கூட்டிவந்துவிட்டார். இரண்டாவது மாடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னலும் ஒரு சுழல் நாற்காலியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் உள்ள அறை. முதல் அச்சை யார் காதில் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, முன்பின் தெரியாதவர் காதில் பசை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணாடி முன் நின்று தன் காதிலேயே ஊற்றிக்கொண்டாள். எடுக்கத் தெரியவில்லை. வீட்டுக்காரர் வந்து நூலைப் பிடித்து இழுத்தபோது அவள் போட்ட கூச்சலில் கீழ்மாடி நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பிடிவாதம். புதுப் பசை வந்தாலும், புதுக் கருவி வந்தாலும், முதலில் தன் காது. பிறகுதான் அடுத்தவர் காது. இருபது வருஷமாக இதில் ஒரு தடவைகூட அவள் விட்டுக்கொடுத்ததில்லை. அறையின் மூன்று பக்கமும் அலமாரி. அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் காதுகள். கீழே பென்சிலில் 'பேக்கரி, வலது', 'தபால்காரர் தங்கை, இரண்டும்' என்று எழுதியிருக்கும். புதிதாக வருபவர்கள் அந்த அறையில் வாய்விட்டுப் பேசவே தயங்குவார்கள். இத்தனை காது கேட்டுக்கொண்டிருக்கும்போது யார் வம்பு பேசுவார்கள்?

வீட்டுக்காரர் மைக்செட் வைத்திருந்தார். கூட்டம், பள்ளி விழா, கட்சி மாநாடு எதுவானாலும் ஊரில் அவருடைய ஒலிபெருக்கிதான். மனைவி கேட்காதவர்களைக் கேட்க வைக்கிறாள், கணவர் கேட்கிறவர்களைச் செவிடாக்குகிறார், குடும்பத்துக்கு எப்படியும் வேலை குறையாது என்று ஊர் சொல்லிச் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். தொழிலில் மட்டும் சிரிப்பு கிடையாது. விழா தொடங்கும் முன் ஒவ்வொரு வரிசையாகப் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கருவிக்குப் பின்னால் போய் நிற்பார்.

இப்போது பிஸ்கட் முதலாளிக்கு வருவோம். ஒரே ஒரு அடுப்பில் ஆரம்பித்து ஊரின் பாதி வேலையைத் தன் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர். அவருடைய பெருமை ஒன்றுதான்: அவர் பெட்டியைத் திறந்தால் ஒரு பிஸ்கட் இன்னொரு பிஸ்கட்டைவிட மயிரிழைகூடப் பெரிதாக இருக்காது. தினமும் காலையில் அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டில் ஒன்றை எடுத்து அவரே கடித்துப் பார்ப்பார். அவர் வாயில் போகாத சரக்கு வாசலைத் தாண்டாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் படுக்கைக்குத் தட்டு போகும்.

கொடுக்கிற மனசு உள்ளவர். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கொடுப்பதையும் அவர் பிஸ்கட் மாதிரிதான் கொடுத்தார். ஒரே அளவு, ஒரே பெட்டி, நூறு நூறாக.

ஒரு வருஷம் அவருடைய அறக்கட்டளை நூறு பேருக்குக் காது கருவி கொடுத்தது. நகர மண்டபத்தில் விழா. பெட்டிக்குள் கருவியோடு ஒரே அளவில் ரப்பர் அடைப்பும் இருந்தது. யார் காதுக்கும் அச்சு எடுக்கவில்லை. அறக்கட்டளையின் செயலாளர் ஒரு சுறுசுறுப்பான மனிதர். ஒரு கையில் போன், மறு கையில் இன்னொரு போன். அவர் நூறு பேரையும் வரிசையில் உட்கார வைத்து, பத்தே நிமிஷத்தில் நூறு காதிலும் மாட்டச் சொல்லிவிட்டார். படம் எடுக்க வேண்டுமே.

முதலாளி மேடையேறி, "அனைவருக்கும்" என்று வாயெடுத்ததுதான் தாமதம். கீய்ய்ய் என்று ஒரு விசில். நின்றது. மறுபடி பேசினார். மறுபடி கீய்ய்ய். இந்தத் தடவை நாலு பக்கமிருந்தும். முதலாளியின் முகம் சிவந்தது. "யாருப்பா இந்த மைக்காரன்? ஒரு மைக்கை ஒழுங்கா வைக்கத் தெரியாதா? இவனை எல்லாம் யாரு கூப்பிட்டது?" என்று மைக்கிலேயே கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் மண்டபத்தின் கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்டது. அவ்வளவு நல்ல மைக்செட் அது.

காதுக்காரம்மா மூன்றாவது தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். விசில் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. காதை ஒட்டி உட்காராத அடைப்பின் இடுக்கு வழியாகச் சத்தம் கசிந்து, திரும்பக் கருவிக்குள்ளேயே போனால் கருவி விசில் அடிக்கும். நூறு பேர் காதிலும் நூறு இடுக்கு. விசில் அடிக்கிறது என்று போட்டிருப்பவர்களுக்கே தெரியாது. அவ்வளவு கீச்சான சத்தம் அவர்கள் காதில் விழுவதில்லை. பாவம், சிரித்த முகத்தோடு மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. மேடையில் டாக்டர் இருந்தார், முதலாளி இருந்தார், ஆஸ்பத்திரியின் மானம் இருந்தது. ஒப்பந்த வேலைக்காரி எழுந்து என்ன சொல்வது? அவள் கண்ணெதிரே அவள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவரை விழாக்களுக்குக் கூப்பிடுவது நின்றது. ஊர் அவருக்கு 'விசில்' என்று பெயர் வைத்துவிட்டது. மூன்று நாள் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை.

"அதைப் போட்டு நோண்டாதீங்க. தப்பு உங்க மைக்ல இல்ல. அவங்க காதுல இருந்துது."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப என் பெட்டி மேல தப்பு இல்லைங்கற. அது போதும் எனக்கு. நீ எங்கயும் போய் வாயைத் திறக்காத. உன் வேலை போயிடும்" என்றார்.

"அன்னைக்கே திறந்திருக்கணும்" என்றாள் அவள்.

விஷயம் ஒரு மைக்செட்டோடு முடிந்திருந்தால் அவள்கூட ஆறிப்போயிருப்பாள். அந்த நூறு பேரில் ஒவ்வொருவராக அவள் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். காது புண்ணாகிவிட்டது என்று ஒருவர். பொம்மை மாதிரி கிடக்கிறது, பேட்டரி தீர்ந்துபோச்சு, எங்கே வாங்குவது என்று ஒருவர். அந்தக் கருவிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்டரி வேண்டும். பெட்டியில் போட்டிருந்தது நாலு. இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இலவசக் கருவிக்கு ஒரு வரிசைப் பட்டியல் உண்டு. யாரிடமிருந்தாவது ஒரு கருவி வாங்கியவரின் பெயரை அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு எடுத்துவிடுவார்கள். ஆக, ஒன்றுமே கிடைக்காமல் இருந்திருந்தால் அடுத்த வருஷமாவது ஒழுங்காகக் கிடைத்திருக்கும். தர்மம் வாங்கியதால் அதுவும் போயிற்று.

தர்மத்தில் இப்படி ஒரு வகை இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வாங்கியவர்களுக்கு இருந்த இடமும் போய்விடுகிற தர்மம்.

இரண்டு வருஷம் கழித்துத் தொழிற்சாலைக்கு ஐம்பதாம் ஆண்டு வந்தது. முந்நூறு பேருக்குக் கருவி என்று அறிவித்தார்கள். விழாவுக்கு இன்னும் பத்து நாள். செயலாளர் இரண்டு போனோடும் அவள் அறைக்கு வந்தார்.

"முந்நூறு பேர் பட்டியல் மட்டும் குடுங்கம்மா. மீதி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"அச்சு யாரு எடுக்கறது?"

"அதான் ரப்பர் இருக்கே. எல்லாருக்கும் பொருந்தற மாதிரி."

"எல்லாருக்கும் பொருந்தற மாதிரி செருப்பு இருந்தா சொல்லுங்க, நானும் வாங்கிக்கறேன்" என்றாள் காதுக்காரம்மா. "ஒரு நாளைக்கு ஆறு அச்சுதான் என்னால முடியும். பத்து நாளைக்கு அறுபது. அறுபது பேருக்குக் குடுங்க. மீதி காசுல பேட்டரி வாங்கிக் குடுங்க."

"விளம்பரம் எல்லாம் முந்நூறுன்னு அடிச்சாச்சும்மா."

"அப்ப விளம்பரத்துக்குக் காது இருந்தா அதுக்கு மாட்டுங்க. நான் பட்டியல் தர மாட்டேன்."

செயலாளர் நேராக டாக்டரிடம் போனார். டாக்டர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் அவர் தலைக்கு மேல் ஒரு கட்டடம் தொங்கிக்கொண்டிருந்தது. காதுப் பிரிவுக்குத் தனிக் கட்டடம் கட்டித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. ஆனா அவரு கோவிச்சுக்கிட்டா கட்டடம் போச்சு. ஒரு தடவை கண்டும் காணாம விட்டுடுங்களேன்."

"ஒரு தடவை விட்டாச்சு டாக்டர்" என்றாள். "அதுக்கு என் வீட்டுல ஒரு ஆளு இன்னும் தலை குனிஞ்சுதான் தெருவுல நடக்கறாரு."

டாக்டர் மேசையைப் பார்த்தார். மறுநாள் காலை விளம்பரப் படம் எடுக்க முதலாளி வருகிறார், அதற்கு மட்டுமாவது ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

முதலாளி வந்தார். பின்னால் செயலாளர், படக்காரர், டாக்டர். திட்டம் இதுதான்: ஒரு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், முதலாளி அவர் காதில் கருவியை மாட்டுவார், படம். நோயாளி வரவிருந்த பேருந்து வழியில் நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆனது. முதலாளிக்கு நேரம் பொன். செயலாளர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். காதுக்காரம்மா சுழல் நாற்காலியைத் துடைத்து, முதலாளி பக்கம் திருப்பினாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் காலையில பிஸ்கட்டை உங்க வாயில போட்டுப் பாக்காம வெளிய அனுப்ப மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது."

"ஆமா." முதலாளியின் முகம் மலர்ந்தது. "அம்பது வருஷமா."

"இந்த மிஷினைக் காதுல போட்டுப் பாத்தீங்களா?"

செயலாளர், "என்னம்மா பேசறீங்க?" என்று முன்னால் வந்தார். முதலாளி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஒரு நிமிஷம் நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். கோபத்தில் உட்கார்ந்தாரா, ரோஷத்தில் உட்கார்ந்தாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உட்கார்ந்துவிட்டார், அதுதான் முக்கியம்.

அவள் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தாள். சத்தத்தைக் குறைத்து வைத்து, ரப்பரைச் சொருகி, கருவியை அவருடைய வலது காதில் மாட்டினாள். கீய்ய்ய்.

முதலாளி ரப்பரை விரலால் உள்ளே அழுத்திக்கொண்டார். அழுத்தியதும் விசில் நின்றது. கையை எடுத்தார். கீய்ய்ய். மறுபடி அழுத்தினார், எடுத்தார். மூன்றாவது தடவை எடுத்தபோது அவர் முகம் மாறிப்போயிருந்தது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும்.

"மிஷின் கெட்டுப் போயிருக்கா?"

"மிஷின் நல்லா இருக்கு. அடைப்பு உங்க காதோடது இல்ல. வாயைத் திறக்காம, தாடையை அசைக்காம அஞ்சு நிமிஷம் இருங்க. உங்க அச்சை எடுத்துக் காட்டறேன்."

பஞ்சை வைத்தாள். பசையைப் பிசைந்து பீச்சினாள். தாடை அசைந்தால் அச்சு கோணலாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது வருஷத்தில் பிஸ்கட் முதலாளி முழுசாக ஐந்து நிமிஷம் வாய்மூடி இருந்தது அன்றைக்குத்தான். அவள் அந்த ஐந்து நிமிஷத்தை வீணாக்கவில்லை. இடது காது பக்கம் வந்து நின்றுகொண்டு பேசினாள்.

"அன்னைக்கு மண்டபத்துல விசில் அடிச்சது மைக் இல்லீங்க. நீங்க குடுத்த நூறும் அடிச்சுது. போட்டவங்களுக்கே அது தெரியல. அந்த நூறு மிஷின்ல இப்ப எத்தனை காதுல இருக்கு, எத்தனை அலமாரியில இருக்குன்னு நீங்க யாரையும் கேக்கல. அவங்க பேரை எல்லாம் இலவசப் பட்டியல்ல அடிச்சுட்டாங்க. கடையில வாங்கின பிஸ்கட் நமுத்துப் போயிருந்தா உங்களுக்குக் கடுதாசி போடுவாங்க. சும்மா குடுத்தது நமுத்துப் போனா யாருங்க எழுதுவாங்க? வாங்கினவங்களுக்கு வாய் கிடையாது. அதனால குடுக்கறவர்தான் காதை வச்சுக்கணும்."

முதலாளியின் கண்கள் மட்டும் அசைந்தன. செயலாளர் இரண்டு போனையும் சட்டைப்பையில் போட்டார். டாக்டர் அலமாரியில் எதையோ தேடுவதுபோல் முதுகைக் காட்டி நின்றார்.

நூலைப் பிடித்து இழுத்தாள். இளஞ்சிவப்பாக, சுருண்டு, முதலாளியின் காது அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். எழுந்துபோய் அங்கிருந்த ஒரு சுண்ணாம்புக் காதில் அதைப் பொருத்திப் பார்த்தார். போகவில்லை. இன்னொன்றில், இன்னொன்றில். ஏழெட்டு பார்த்தார். ஒன்றிலும் போகவில்லை.

"அந்த மைக்காரர் யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

முதலாளி அச்சை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். செயலாளர் வாசலில் திரும்பி, "திருப்திதானே?" என்று கேட்டுவிட்டு ஓடினார். அன்று சாயங்காலமே விழா ஒத்திவைப்பு என்று தகவல் வந்தது. கட்டடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர் அவளைத் திட்டவில்லை, அதைவிட மோசமாக, கண்ணில் படாமல் நடந்தார். அவளுடைய ஒப்பந்தம் மாசக் கடைசியில் முடிகிறது. வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். அப்புறம், "வேண்டாம்னு சொன்னேனே" என்றார். சொல்லிவிட்டு, "அஞ்சு நிமிஷமும் வாயையே திறக்கலையா அந்த ஆளு?" என்று கேட்டார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் காலை, படியில் கனமான காலடிச் சத்தம். முதலாளி தனியாக வந்தார். மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் பெரிய பிஸ்கட் தகரப்பெட்டிகள், அவர் கம்பெனிப் பெட்டிகள்தான். மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. காது கருவிகள். தூசி படிந்தது, பேட்டரி கசிந்தது, கைக்குட்டையில் சுற்றியது.

"எழுபத்தேழு" என்றார். "நானே வீடு வீடாப் போனேன். எம்பத்தி மூணு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. ஆறு பேருதான் போட்டுக்கறாங்க."

நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார்.

"ஒரு தையல்காரம்மா. என்னைப் பாத்ததும் ஓடிப்போய் அலமாரியில இருந்து எடுத்துக் காதுல மாட்டிக்கிட்டு வந்து, ரொம்ப நல்லாக் கேக்குது ஐயா, நீங்க நல்லா இருக்கணும்னு சொல்றாங்க. நான் என்ன பேசினாலும் தலையை ஆட்டறாங்க. உள்ள பேட்டரியே இல்லம்மா. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஒண்ணுமே கேக்காம தலையாட்டறாங்க." அவர் ஒரு கருவியை எடுத்துத் தூசியைத் துடைத்தார். "நான் கேட்ட நன்றி பூரா இப்படித்தான் இருந்திருக்குமா?"

காதுக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இத்தனை பெரிய மனிதர் இத்தனை படியேறி வந்து இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்மேல் அவளுக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

"இப்ப என்ன செய்யணும் சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். புதுசு ஒன்றும் இப்போது வேண்டாம். முதலில் ஏற்கெனவே கொடுத்த கருவிகளை அவரவர் காதில் ஒழுங்காக உட்கார வைக்க வேண்டும். அச்சு செய்ய இரண்டு பெண்களைப் பழக்க வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். குழந்தைகளுக்குக் காது வளர வளர அச்சு மாற்ற வேண்டும். பேட்டரி வேண்டும்.

"எத்தனை வருஷத்துக்குப் பேட்டரி?"

"காது இருக்கற வரைக்கும்."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். பேரம் பேசியே பெரியவரானவர். வாயைத் திறந்தார், மூடினார். "சரி" என்றார். பிறகு பேட்டரியை எப்படிச் சேர்ப்பது என்ற யோசனையை அவரே சொன்னார், அதை அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவருடைய பிஸ்கட் வண்டி வாரம் ஒருமுறை ஊரின் ஒவ்வொரு தெருவிலும் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் போகிறது. பிஸ்கட்டோடு பேட்டரி அட்டையும் இறங்கும். கருவி வைத்திருப்பவர் தெருமுனைக் கடையில் கேட்டால் போதும். அந்த நிமிஷம்தான் அவர் கொடுக்கிறவராக ஆனார் என்று காதுக்காரம்மா பிற்பாடு சொல்வாள். அதற்கு முன்னால் அனுப்புகிறவராக இருந்தார்.

"கட்டடம்?" என்று தயங்கியபடி கேட்டார், "அது வேணுமா வேண்டாமா?"

"அது டாக்டரைக் கேளுங்க. எனக்கு இன்னொரு ஜன்னல் வேணும்."

ஒரு வருஷம் ஆனது. டாக்டர் எழுதி எழுதி, அடித்த பெயர்களைப் பட்டியலில் மறுபடி சேர்க்க வைத்தார். காதுக்காரம்மாவின் ஒப்பந்தம் நிரந்தர வேலையாயிற்று. பழக்கிய பெண்கள் இருவரும் முதல் பசையைத் தங்கள் காதிலேயே ஊற்றிக்கொண்டார்கள். அவள் அதில் யாருக்கும் சலுகை தரவில்லை. பழைய நூறு பேரில் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு முடித்து, புதிதாக நூற்றிருபது பேருக்கும் ஆயிற்று. செயலாளருக்கு இப்போது ஒரு போன்தான். இரண்டாவது போன் பேட்டரி கேட்டு அழைப்பவர்களுக்காகக் கொடுக்கப்பட்டுவிட்டது, அதையும் அவரேதான் எடுக்க வேண்டியிருந்தது.

முதலாளி இந்தத் தடவை விழா வேண்டாம் என்றார். காதுக்காரம்மா விடவில்லை.

"விழா வேணும். அதே மண்டபம். அதே மைக்."

அவளுக்கு ஒரு பாக்கி இருந்தது. ஊர் கூடியிருக்கும்போது போன பெயர், ஊர் கூடியிருக்கும்போதுதான் திரும்பி வர வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் கருவி போட்டவர்கள், பின்னால் ஊர்க்காரர்கள். தையல்காரம்மா இரண்டாவது வரிசை. காதுக்காரம்மா அதே மூன்றாவது தூண் பக்கத்தில் நின்றாள். பின்னால் கருவிகளுக்கு நடுவே அவள் வீட்டுக்காரர். சட்டையை மூன்று தடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளி மேடையேறினார். பதாகை இல்லை. மைக் முன்னால் நின்றார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல விசில் அடிச்சுது" என்றார். "மைக்காரரைத் திட்டினேன். தப்பு அவரோடது இல்ல. நான் குடுத்த பொருளோடது. குடுத்தா என் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன் பாருங்க, அதோடது. அவரு இங்கதான் நிக்கறாரு. அண்ணே, என்னை மன்னிச்சுக்கங்க."

அதற்குமேல் பேசவில்லை. மைக்கை விட்டு நகரவும் இல்லை. கேட்டுக்கொண்டு நின்றார். காதுக்காரம்மாவும் கேட்டாள். அரை நிமிஷம். மண்டபத்தில் இருநூற்றுச் சொச்சம் காதில் கருவி இருந்தது. எங்கிருந்தும் ஒரு விசில் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

அப்போது பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் தும்மினார். அழுகையை அடக்கப்போய் அது தும்மலாக வந்துவிட்டது. மைக்கிலிருந்து வெகுதூரம், கைக்குட்டைக்குள் அமுக்கிய சின்னத் தும்மல். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

முன்வரிசைகளில் இருந்த அத்தனை தலையும் திரும்பின. தையல்காரம்மாதான் முதலில் திரும்பினாள்.

"என்ன மைக்காரரே, ஜலதோஷமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றார் அவர், மைக் இல்லாமல், மெதுவாகத்தான்.

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி உட்கார்ந்தாள்.